சீனப் பெயர்களும் எழுத்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாகச் சீனம் படித்து வருகிறேன். அது தெரிந்தவுடன் நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆங்கிலத்தின் வழியாகவே சீனத்தைப் பார்த்துப் பழகியதால் வரும் குழப்பங்கள்தான் பாதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஷி ஜின்பிங், யாவ் மிங் - இதில் எது குடும்பப் பெயர்?

முதலில் வருவது. ஷி குடும்பப் பெயர், ஜின்பிங் பிறந்தபோது வைத்த பெயர். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்குக்கு யாவ்தான் குடும்பப் பெயர். விளையாடும்போது அவர் சட்டை முதுகில் இருந்ததும் அதுதான். சீனத்தில் எதையும் பெரியதிலிருந்து சிறியதற்குச் சொல்வார்கள். தேதி என்றால் வருடம், மாதம், நாள். முகவரி என்றால் நாடு, மாகாணம், ஊர், தெரு, கடைசியாக ஆள். பெயரும் அப்படியே: முதலில் குடும்பம், அப்புறம் மனிதர். ஐரோப்பாவில் இப்படி எழுதுகிறவர்கள் ஹங்கேரியர்கள்.

குடும்பப் பெயர் பெரும்பாலும் ஓர் எழுத்து, வைத்த பெயர் ஒன்றோ இரண்டோ எழுத்து. ஓயாங், ஜூகே, சிமா என்று இரண்டு எழுத்துக் குடும்பப் பெயர்களும் சில உண்டு. பழைய வரலாற்றாசிரியர் சிமா சியென் பெயரில் 'சிமா' முழுவதுமே குடும்பப் பெயர்தான். ஆங்கிலப் படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும்போது சீனர்கள் திண்டாடுகிறார்கள். அப்பா பெயரையும் இனிஷியலையும் வைத்துக்கொண்டு அதே படிவத்தில் நாம் படுகிற பாட்டை நினைத்தால் அவர்கள் நிலைமை புரியும்.

அப்படியானால் எப்படிக் கூப்பிடுவது?

குடும்பப் பெயரைச் சொல்லி, பின்னால் மரியாதைச் சொல்லைச் சேர்க்க வேண்டும். வாங் சியென்ஷெங் என்றால் திரு. வாங், வாங் லாவ்ஷி என்றால் வாங் ஆசிரியர். 'குமார் சார்', 'லட்சுமி டீச்சர்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த வரிசை இயல்பாகவே வரும். கூட வேலை செய்கிறவர் வயதில் மூத்தவர் என்றால் 'லாவ் வாங்', இளையவர் என்றால் 'ஷியாவ் வாங்'. வைத்த பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது வீட்டாரும் நெருங்கியவர்களும்தான்.

எல்லோருக்கும் வாங், லி, ஜாங் என்றே பெயர் இருக்கிறதே, குழம்பாதா?

வாங் குடும்பப் பெயர் உள்ளவர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல். லியும் அப்படியே. வாங், லி, ஜாங், லியூ, சென் ஆகிய ஐந்து பெயர்களுக்குள் சீன மக்களில் பத்துக்கு மூன்று பேர் அடங்கிவிடுவார்கள். சாதாரண மக்களைக் குறிக்கும் 'லாவ் பாய்ஷிங்' என்ற சொல்லுக்கே 'பழைய நூறு குடும்பப் பெயர்கள்' என்றுதான் நேர்ப்பொருள்.

குழம்பாமல் இருக்க அவர்கள் செய்வதைப் பாருங்கள். ஒருவர் தன்னை ஜாங் என்று அறிமுகம் செய்துகொள்கிறார். உடனே எதிரில் இருப்பவர் கேட்பார்: "எந்த ஜாங்?" பதில் வரும்: "வில், நீளம், ஜாங்." அதாவது, வில்லைக் குறிக்கும் எழுத்தும் நீளத்தைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்து வரும் ஜாங். இன்னொருவர் "நில், காலை, ஜாங்" என்பார். இருவர் பெயரும் காதுக்கு ஒன்றுதான், ஆனால் வேறு வேறு குடும்பங்கள். லின் என்றால் "இரட்டை மரம் லின்". லி என்றால் "மரம், பிள்ளை, லி". வூ என்றால் "வாய், வானம், வூ". அப்படியும் புரியவில்லை என்றால் இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் அதில் எழுதிக் காட்டுவார்கள். மை இல்லை, தாள் இல்லை. விரல் போகிற வழியைப் பார்த்தே எதிரில் இருப்பவர் "ஓ, அந்த எழுத்தா" என்று தலையாட்டுவார். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த காட்சி இது.

என்னைக் கேட்டால், மேற்கத்திய மொழிகளுக்கும் சீனத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடே இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னால், அந்த ஒலியை எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். பெயர் அந்த ஒலிதான். தமிழிலும் அப்படியே. சீனத்தில் "எந்த ஜாங்?" என்று கேட்பவர், பெயர் என்ன என்றே கேட்கிறார். ஏனென்றால் அங்கே பெயர் எழுத்தில் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் 2013 முதல் 2018 வரை துணை அதிபராக இருந்த லி யுவன்சாவ். 1950இல், கொரியப் போர் சமயத்தில் பிறந்தவர். அதனால் 'கொரியாவுக்கு உதவு' என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளில் அவருக்கு யுவன்சாவ் என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு 'ஊற்று', 'அலை' என்ற பொருளுள்ள வேறு இரண்டு எழுத்துகளுக்கு மாற்றிக்கொண்டார். உச்சரிப்பு அதேதான்: யுவன்சாவ். ஆங்கிலச் செய்தி படிக்கிறவர்களுக்குப் பெயர் மாறியதே தெரியாது. சீனத்தில் படிக்கிறவர்களுக்கு அது வேறு பெயர்.

பெயரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ஜான், மேரி என்று இருக்கிற பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்கும் வழக்கம் சீனத்தில் இல்லை. எந்த நல்ல எழுத்தையும் எடுத்துப் பெயராக்கலாம். 1949க்குப் பிறகு பிறந்த பல ஆண்களுக்கு 'நாட்டைக் கட்டு' என்று பொருள்படும் ஜியென்குவோ என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டே வயதை ஊகித்துவிடலாம்.

பழைய குடும்பங்களில் தலைமுறை எழுத்து என்று ஒன்று உண்டு. ஒரே தலைமுறையில் பிறந்த அண்ணன் தம்பிகள், பங்காளி வீட்டுப் பிள்ளைகள் எல்லோர் பெயரிலும் ஓர் எழுத்து பொதுவாக வரும். மாவோவின் பெயர் ஸெதுங். அவர் தம்பிகள் ஸெமின், ஸெதான். தலைமுறை எழுத்துகளின் வரிசையை ஒரு பாட்டாகக் கட்டி வைத்திருப்பார்கள். கன்பூசியஸ் வழிவந்த கொங் குடும்பத்தில் இது இன்றும் தொடர்கிறது. 1930களில் சீனாவின் நிதியமைச்சராக இருந்த கொங் ஷியாங்ஷி 75ஆம் தலைமுறை. 'ஷியாங்' அந்தத் தலைமுறைக்கென்றே உள்ள எழுத்து. அடுத்த தலைமுறைக்கு 'லிங்'. முன்பின் பார்த்திராத இரண்டு கொங்குகள் சந்தித்தாலும் யார் யாருக்குச் சித்தப்பா முறை என்று பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்களா?

வைக்கவே மாட்டார்கள். 'பெயரன்' என்பதிலிருந்துதான் நம் 'பேரன்' வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் அவன். மேற்கத்திய நாடுகளிலும் அப்பா பெயரை மகனுக்கு வைத்து ஜூனியர் என்று சேர்க்கிறார்கள். சீனத்தில் அது பெரியவர்களை அவமதிப்பதாகும். வீட்டில் மூத்தவர்களின் பெயரில் உள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அதை வாயால் சொல்வதும் எழுதுவதும்கூடத் தவறு.

அரசன் பெயர் என்றால் நாடு முழுவதற்கும் தடை. ஹான் பேரரசர் வென்னின் இயற்பெயர் ஹெங். அதனால் நிலவில் வாழும் தேவதையான ஹெங்-அ, சாங்-அ ஆகிவிட்டாள். நிலவுக்குப் போகும் சீன விண்கலங்களுக்கு வைக்கிற பெயர் அதுதான். 1777இல் வாங் ஷிஹோவ் என்ற அறிஞர் தாம் தொகுத்த அகராதியில் அரசர்களின் பெயர் எழுத்துகளை முழுதாக எழுதிவிட்டார். அதற்காகச் சியென்லுங் பேரரசர் அவருக்கு மரண தண்டனை விதித்தார். ஓர் எழுத்தை எழுதியதற்கு உயிர்ப்பலி. படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வார்களா?

இல்லை. பிறந்த குடும்பப் பெயரே கடைசிவரை. ஹாங்காங் போன்ற சில இடங்களில் கணவர் குடும்பப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் இன்னும் உண்டு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்பாவின் குடும்பப் பெயர்.

சீன எழுத்து என்பது படமா?

கொஞ்சம் எழுத்துகள் அப்படித் தொடங்கின. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படுக்கைக் கோடு. அதை நடுவில் வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் சரிந்து இறங்கும் இரண்டு கோடுகள். 'மூ', மரம். அடிமரத்தில் குறுக்கே சின்னதாக ஒரு கோடு போட்டால் வேர். இரண்டு மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தோப்பு. 'இரட்டை மரம் லின்' இதுதான். இன்னொரு மரத்தை மேலே வைத்தால் அடர்ந்த காடு. மரத்தின் இடப்பக்கம் ஒரு மனிதனை நிறுத்தினால் இளைப்பாறுதல்.

அழகாக இருக்கிறது. ஆனால் இதை வைத்து எல்லா எழுத்தும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தில் நான்கு எழுத்துகளுக்கு மேல் வேறு வகை: ஒரு பாதி பொருளுக்குக் குறிப்பு, மறுபாதி ஒலிக்குக் குறிப்பு. குதிரைக்கு 'மா' என்று ஓர் எழுத்து. அதன் பக்கத்தில் 'பெண்' சேர்த்தால் 'மா', அம்மா. 'வாய்' சேர்த்தால் வாக்கியத்தின் கடைசியில் வரும் கேள்விச் சொல் 'மா'. நம் 'வந்தாயா'வில் வரும் 'ஆ' போன்றது. 'பூச்சி' சேர்த்தால் எறும்பைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. அம்மாவுக்கும் குதிரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குதிரை அங்கே ஒலிக்காக மட்டும் வந்து நிற்கிறது. ஆக, சீன எழுத்தில் ஒலி இல்லை என்று சொல்வது தவறு. ஒலியும் பொருளும் ஒரே கட்டத்துக்குள் இருக்கின்றன. ரோமன் எழுத்தில் ஒலி மட்டும்தான்.

மொத்தம் எத்தனை எழுத்துகள்?

கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த அகராதியில் 9,353. 1716இல் வந்த காங்ஷி அகராதியில் 47,035. இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி வழக்கொழிந்தவை. சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அதில் முதல் படியில் இருக்கும் 3,500 தெரிந்தால் செய்தித்தாள் தடையில்லாமல் படிக்கலாம்.

1956 முதல் சீனாவில் பல எழுத்துகளைச் சுருக்கினார்கள். குதிரை பத்துக் கோட்டிலிருந்து மூன்று கோடாகிவிட்டது. சிங்கப்பூரிலும் சுருக்க வடிவம்தான். தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவம். 'அன்பு' என்ற எழுத்தின் நடுவில் முன்பு 'இதயம்' இருந்தது, சுருக்கத்தில் அது போய்விட்டது. எழுதக் கற்பதற்குச் சுருக்கம் உதவியது உண்மை. ஆனாலும் அந்த ஓர் எழுத்தையாவது விட்டு வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அகரவரிசை இல்லாமல் அகராதி பார்ப்பதும் டைப் செய்வதும் எப்படி?

எழுத்துகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகள் உண்டு: நீர், மரம், பெண், வாய், நெருப்பு என்று காங்ஷி அகராதியில் 214. முதலில் உறுப்பைக் கண்டுபிடித்து, மீதிக் கோடுகளை எண்ணி, அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும். இப்போது பெரும்பாலானவர்கள் ஃபோனில் ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டுகிறார்கள். அந்த ஒலிக்குரிய எழுத்துகள் வரிசையாக வரும், வேண்டியதைத் தொட்டால் போதும். இதனால் கையால் எழுத உட்காரும்போது எழுத்து மறந்துபோகிறது. அதற்கு 'தூரிகையை எடுத்தேன், எழுத்தை மறந்தேன்' என்று நான்கெழுத்துச் சொலவடையே இருக்கிறது.

அபூர்வ எழுத்தில் பெயர் வைத்தவர்கள் பாடு இன்னும் சிரமம். 1998 முதல் 2003 வரை பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜியின் பெயரில் நடு எழுத்து, 1980இல் வகுத்த 6,763 எழுத்துக் கணினிக் குறியீட்டில் இல்லை. நாட்டின் பிரதமர் பெயரையே கணினியில் அச்சடிக்கத் தனியாக வழி தேட வேண்டியிருந்தது.

தொனி என்றால் என்ன?

ஒரே அசையை எந்தச் சுருதியில் சொல்கிறோம் என்பது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் நான்கு தொனிகள். 'மா'வை உயரத்தில் நீட்டினால் அம்மா. கீழிருந்து ஏற்றினால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டுதல். வாங்குவதும் 'மாய்', விற்பதும் 'மாய்'; தொனி ஒன்றுதான் வித்தியாசம். நாமும் ஆங்கிலேயரும் வாக்கியத்துக்குக் கோபமோ கேள்வியோ ஏற்ற ராகம் போடுகிறோம், அவர்கள் சொல்லுக்கே போடுகிறார்கள். தொனியைச் சேர்க்காமல் எண்ணினால் மாண்டரினில் சுமார் 400 அசைகள்தான். அதனால்தான் ஒரே ஒலிக்கு இவ்வளவு எழுத்துகள், அதனால்தான் "எந்த ஜாங்?" என்ற கேள்வி.

பீகிங்கா, பீஜிங்கா? தமிழில் எப்படி எழுதுவது?

இரண்டும் ஒரே ஊர், ரோமன் எழுத்தில் எழுதும் முறைதான் வேறு. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் முறைப்படி எழுதுவதை நாம் ஆங்கிலம் போல வாசித்து 'பீஜிங்' என்கிறோம். ஆனால் பின்யினில் ரோமன் 'பி' என்ற இரண்டாம் எழுத்து ஆங்கிலத்தில் வருவதுபோல அதிர்கிற ஒலி இல்லை. 'பால்', 'பழம்' என்று நாம் சொல்கிற பகரம்தான் அது. அதேபோல் 'தாவ்' என்ற தத்துவத்தின் முதலெழுத்து நம் 'தலை'யில் வருகிற தகரம். ஆங்கிலத்தில் இந்த ஒலி சொல்லின் முதலில் வராததால் ஒரு முறை ஒரு எழுத்தாலும் இன்னொரு முறை வேறு எழுத்தாலும் எழுதிப் பார்த்தார்கள். நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. 'பெய்ச்சிங்' என்று தமிழ் எழுத்தில் எழுதித் தமிழாகவே வாசித்தால், ஆங்கிலம் பேசுபவரைவிட நெருக்கமாக வந்துவிடும். பின்யினில் 'ஆர்' என்று எழுதுவதும் நம் ழகரத்துக்கு மிக அருகில் உள்ள ஒலி. மனிதன் என்ற சொல் 'ழன்' போலக் கேட்கும். சீனப் பெயர்களை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது இவ்வளவையும் தொலைத்துவிடுகிறோம்.

சிங்கப்பூரில் லிம், டான், இங் என்கிறார்களே, அவை சீனப் பெயர்கள் இல்லையா?

சீனப் பெயர்களேதான். சீனத்துக்குள்ளேயே ஒன்றுக்கொன்று புரியாத பல மொழிகள் உண்டு. எழுத்து மட்டும் பொது. அந்த 'இரட்டை மரம்' மாண்டரினில் லின், ஹொக்கியெனில் லிம், கான்டனீஸில் லாம். சென், டான், சான் மூன்றும் ஒரே எழுத்து. ஹுவாங், வோங், இங் என்பதும் அப்படியே. சிங்கப்பூர்த் தமிழர்கள் மூன்று அண்டை வீட்டுக்காரர்களை மூன்று பெயரில் கூப்பிடுவார்கள், அந்த மூவரும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்களாக இருக்கலாம்.

நம் சமையலறையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தேயிலைக்கு உள்ள சீன எழுத்தை மாண்டரினிலும் கான்டனீஸிலும் 'சா' என்றும் ஹொக்கியெனில் 'தே' என்றும் வாசிப்பார்கள். ஹொக்கியென் பேசும் துறைமுகங்களிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோன இடங்களுக்கு 'தே' போனது. ஆங்கில டீ அப்படி வந்ததுதான். தரைவழியாகவும் போர்ச்சுக்கீசியர் வழியாகவும் போன இடங்களில் 'சா', 'சாய்'. தமிழுக்கு இரண்டும் வந்துவிட்டன: தேயிலையில் 'தே', சாயாவில் 'சா'.

இலக்கணம் கடினமா?

சொல் உருமாறுவதே இல்லை. வேற்றுமை உருபு, பன்மை விகுதி, கால இடைநிலை என்று பெரும்பாலும் எதுவும் ஒட்டாது. 'நேற்று' என்று சொல்லிவிட்டால் வினை அப்படியே இருக்கும். அவன், அவள், அது மூன்றும் பேச்சில் 'தா'தான். அவளுக்கென்று எழுத்தில் தனி வடிவம் வந்ததே 1920 வாக்கில், கவிஞர் லியூ பன்னொங் முயற்சியால், ஐரோப்பிய மொழிகளைப் பார்த்து.

எண்ணும்போது மட்டும் கவனம் வேண்டும். 'ஐந்து பேர்' என்று நாம் ஆட்களுக்குச் சொல்வதுபோல, அவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் சேர்ப்பார்கள். மீன், ஆறு, சாலை, கால்சட்டை எல்லாம் நீளமானவை, அவற்றுக்குத் 'தியாவ்'. தாள், மேசை, கட்டில் தட்டையானவை, அவற்றுக்கு 'ஜாங்'.

உறவுமுறையில் ஆங்கிலம்தான் நம் இருவருக்கும் அந்நியம். அண்ணன் 'கெகெ', தம்பி 'திதி', அக்கா 'ஜியெஜியெ', தங்கை 'மெய்மெய்'. ஒரு வேறுபாடு உண்டு: நமக்குப் பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி, மாமா பிள்ளைகள் முறை வேறு. அவர்களுக்கு அப்பாவின் சகோதரர் பிள்ளைகள், அதாவது ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள், ஒரு வகை. பெரியம்மா, மாமா, அத்தை பிள்ளைகள் எல்லோரும் இன்னொரு வகை. பெயர் அங்கேயும் வந்து நிற்கிறது.

வெளிநாட்டுச் சொற்களை ஏன் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை?

ஒலியை மட்டும் எழுத அவர்களிடம் எழுத்து இல்லை. எந்த எழுத்தைப் போட்டாலும் பொருளும் கூட வரும். அதனால் பொருளைப் பிடித்துச் சொல் செய்வது எளிது. கணினி 'மின் மூளை', சினிமா 'மின் நிழல்', ரயில் 'நெருப்பு வண்டி'. நம்மிடம் 'கணினி' இருந்தும் பேச்சில் கம்ப்யூட்டர்தான். அங்கே கடைத்தெருவிலும் 'தியென்நாவ்' தான். ஒலியும் பொருளும் சேர்ந்து அமைந்தால் அதிர்ஷ்டம்: கோக்க கோலாவுக்கு 'கெகோவ் கெலெ', வாய்க்கு ருசி, மகிழ்ச்சி.

என் பெயரைச் சீனத்தில் எழுத முடியுமா?

முடியும். ஒலிக்கு நெருக்கமான எழுத்துகளை அடுக்க வேண்டும். காந்தி 'கான்தி' ஆவார். அந்த எழுத்துகளின் பொருள் 'இனிப்பு', 'நிலம்'. பெயராக வாசிக்கும்போது பொருளைக் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் கெட்ட பொருள் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்ப் பெயர்களை அவர்கள் எழுதத் தொடங்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1015இல் சோழ நாட்டுத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அதை அனுப்பிய அரசரின் பெயரைச் சோங் வரலாற்று நூலில் நான்கு எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். இன்றைய மாண்டரினில் வாசித்தால் 'லோ-சா-லோ-ஜா'. ராஜராஜன்தான். அதில் இரண்டாவதாக வரும் 'சா', தேயிலைக்கு உள்ள அதே எழுத்து.